பெருக்கல் குறி போட்ட பேட்டரி

போன வாரம், சாப்பாட்டு மேஜையில் தடித்த டிக்‌ஷனரி ஒன்றின் மேல் ஏற்றி வைத்திருந்த பொம்மை வண்டியின் நான்கு சக்கரங்களும் முதல் தடவையாகச் சுற்றின. பெரிய டிரைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சின்ன டிரைவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டான்.

இன்று காலை எட்டு மணிக்கு, அதே மேஜையில், வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டியிருந்த மருமகள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதன் பிளக்கைப் பிடுங்கினாள்.

பிடுங்கினாள் என்றுதான் அவளுக்கு ஞாபகம்.

"மாமா, பேட்டரி பாதிதான் ஏறியிருக்கு. சாயங்காலம் நான் வந்ததும் மிச்சத்தை ஏத்திட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோவோம். ஆள் பார்க்காம சார்ஜ்ல விடக் கூடாது."

"சா...யங்காலமா? அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"சக்கரத்தை எண்ணிட்டு இருங்க. நாலு இருக்கான்னு."

"நாலு இருக்கு. நாலும் நாலு வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கு" என்றார் பெரியவர். பேச்சு குழறினாலும் கிண்டல் மட்டும் குழறுவதில்லை. அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பெரிய டிரைவர், சின்ன டிரைவர் என்பது அப்பாவுக்கும் மகனுக்கும் தெரு வைத்த பெயர்கள். பெரியவர் முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினார். மகன் டவுன் பஸ் ஓட்டுகிறான். எட்டு மாதத்துக்கு முன்னால் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை துவண்டது; வலது கால் தளர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாளே மகன் அவருடைய லைசென்ஸை எடுத்துக்கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மூடிய வாயை மகனுக்காக அவர் திறக்கவே இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மருமகளிடம்தான் கேட்பார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். "பந்து அமுக்க நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். அப்போதுதான் மருமகளுக்கு அந்த யோசனை வந்தது. துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளும் ரிமோட். சுட்டுவிரலால் விசையை இழுத்தால் ஓடுகிற கார். விரலுக்கும் வேலை, மனுஷனுக்கும் ஒரு வண்டி.

புதிதாக வாங்க அவர்களுக்கு வசதியில்லை. பழைய சாமான் சந்தையில் முன்பக்கம் ஒரு கை ஒடிந்த அடிச்சட்டம் கிடைத்தது. மோட்டார் வேறொரு பொம்மையிலிருந்து. முன் சக்கரம் ஒரு கம்பெனி, பின் சக்கரம் இன்னொன்று. ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல்லில் மாட்டிச் சக்கரத்தோடு இணைக்கிற எந்தக் கொம்பும் பொருந்தவில்லை. மருமகள் பல் லேபில் வேலை செய்பவள். பொய்ப்பல் செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் அளவெடுத்து ஒரு கொம்பை வார்த்துவிட்டாள். "வண்டிக்கு ஈறு முளைச்சிருக்கு" என்றார் பெரியவர். மேல்கூட்டை, பல்லுக்கு உறை செய்யும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து, இரண்டு துண்டாகச் செய்து ஒட்டினாள்.

பேட்டரி மட்டும் இனாம். லேபில் கூட வேலை செய்யும் பையன் கொடுத்தது. எந்நேரமும் உடம்பெல்லாம் பிளாஸ்டர் தூளாக இருப்பதால் அவனைச் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மச்சானிடம் பழைய ட்ரோன் ஒன்று இருந்தது. அதன் பேட்டரிகள் இரண்டு. ஒன்று செத்திருந்தது. மற்றதில் உயிர் இருந்தது.

மருமகள் உயிர் இருந்ததைப் போட்டாள்.

பதினொன்றரை மணிக்குச் சுண்ணாம்பு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவள் ஒரு கீழ்த்தாடை அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ரெண்டு பேட்டரியில எதைப் போட்டீங்க?"

"வேலை செய்யறதை. ஏன்?"

"இல்ல... நேத்து மச்சான் கேட்டான். ட்ரோன் ஒரு தடவை நாலாவது மாடியில இருந்து விழுந்துச்சாம். அப்ப உள்ள இருந்த பேட்டரி அடிவாங்கினது, தூக்கிப் போடணும்னு தனியா எடுத்து வெச்சிருந்தானாம். நான் பார்க்காம அதையும் பையில அள்ளிப் போட்டுட்டு வந்துட்டேன்." கையிலிருந்த தூளைப் பேண்டில் துடைத்தான். "அடியில கறுப்பு மையில பெருக்கல் குறி போட்டிருப்பானாம். உங்ககிட்ட இருக்கறது அது இல்லையே?"

தேய்க்கிற இயந்திரத்தை அவள் நிறுத்தினாள்.

பெருக்கல் குறி. அதன் மேல்தான் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவை அவள் ஒட்டியிருந்தாள். கோணல் இல்லாமல் ஒட்ட வசதியாக இருக்கிறது என்று அந்தக் குறியை மனதுக்குள் பாராட்டிக்கொண்டே.

"அதைப் போட்டா என்ன ஆகும்?"

"சும்மா கிடந்தா ஒண்ணும் ஆகாதாம். சார்ஜ் ஏத்தினாத்தான்..." கன்னத்தை உப்பிக் காட்டினான். "இப்படி உப்புமாம். அப்புறம் சீறிட்டுப் பத்திக்குமாம். அக்கா, நீங்க இன்னும் சார்ஜ் போடலைல?"

"நேத்து ராத்திரி கொஞ்ச நேரம் போட்டேன். காலையிலயும் போட்டேன், கிளம்பும்போது பிடுங்கிட்டேன்."

சொல்லிவிட்டு அச்சைக் கீழே வைத்தாள். பிடுங்கினேனா? பிளக்கைத் தொட்டது ஞாபகம் இருக்கிறது. இன்று தொட்டதா, நேற்று தொட்டதா? காலையில் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் தோன்றுமே, அந்த மாதிரிதான் இருக்கும் என்று தன்னைத் தேற்றப் பார்த்தாள். விரல்கள் அதற்குள் மாமனாரின் எண்ணை அழுத்திவிட்டன.

மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடி.

பெரியவர் போனைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருப்பவர். இரண்டாவது மணிக்கு எடுத்துவிடுவார்.

கணவனின் போன் அணைந்திருந்தது. பஸ் ஓட்டும்போது அவன் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவான். அது டிப்போ சட்டம். கீழ் வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டாள். தையல் மிஷின் சத்தத்தோடு பதில் வந்தது.

"சொல்லு தங்கச்சி."

"அக்கா, கொஞ்சம் மேல போய் மாமாவைப் பாருங்களேன். போன் எடுக்க மாட்டேங்கறார்."

"தூங்கியிருப்பாரு."

"போங்கக்கா. இப்பவே. போனை வெச்சுடாதீங்க."

படியேறும் மூச்சு கேட்டது. ஒரு மாடி. இரண்டாவது மாடி. கதவைத் தட்டும் சத்தம்.

"பெரியவரே! பெரியவரே! ...உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்காரு தங்கச்சி. சத்தமே இல்ல." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வீட்டுல யாராவது நகப்பூச்சு கொட்டிட்டீங்களா?"

"என்னது?"

"நகப்பூச்சு வாடை வருது. இனிப்பா. தலை சுத்தற மாதிரி."

பேட்டரிதான் என்று மருமகளுக்குப் பட்டது; நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சுண்ணாம்பு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

லேபிலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். எதிர்க்காற்றில் பாதி வார்த்தைதான் விழுந்தது. இஸ்திரிக்காரர் வந்துவிட்டார்... கதவு அசையவில்லை... கீழ் இடுக்கில்... அப்புறம் தையல்கார அக்கா வீரிட்டது மட்டும் முழுசாகக் கேட்டது.

"புகை! தங்கச்சி, புகை வருது!"

"உடைங்க! கதவை உடைங்கக்கா!"

தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பைக் போக வழியில்லை. அவள் குதித்து இறங்கி ஓடினாள். ஒரு செருப்பு மண்ணில் புதைந்து நின்றுவிட்டது. எடுக்கவில்லை. மனதுக்குள் கணக்குப் போலச் சொல்லிக்கொண்டே ஓடினாள்: பிளக் சுவரிலிருந்து வந்தது, ஒயர் கையில் சுற்றியது, சார்ஜர் மேல் வைத்தது. சுற்றினேன். சுற்றினேனே. இல்லையென்றால் எப்படிப் புகை வரும்? அப்படியானால் சுற்றவில்லை. நான்தான். நான்தான் அந்த மனுஷனை உள்ளே வைத்துக் கொளுத்திவிட்டேன்.

இரண்டாம் மாடியில் பத்துப் பேர் நின்றார்கள். இஸ்திரிக்காரர் கடப்பாரையின் நுனியைக் கதவிடுக்கில் செருகி நெம்பிக்கொண்டிருந்தார். அவள் போய்ச் சேர்ந்த அதே நேரத்தில் தாழ்ப்பாள் தெறித்தது.

புகை ஆள் உயரத்துக்கு மேல் கனமாகத் தொங்கியது. குனிந்து பார்த்தால் தரை தெரிந்தது. மேஜை தெரிந்தது. மேஜையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கரிந்த வட்டம், அதன் நடுவில் உருகி வழிந்த சார்ஜர். அதன் ஒயர் சுவர் வரை ஓடியது. பிளக் சுவரில் இருந்தது.

அவள் குனிந்தபடியே உள்ளே நுழைந்தாள்.

நாற்காலியில் வண்டி ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பேட்டரியைக் காணவில்லை. மாமனாரையும் காணவில்லை.

"கட்டில்ல இல்ல!" என்று இஸ்திரிக்காரர் உள்ளறையிலிருந்து இருமினார்.

எங்கேயோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி உள்ளேயிருந்து அடைத்திருந்தது. அதையும் மீறிப் புகை கசிந்தது.

அவள் தோளால் இடித்தாள். கதவு ஒரு சாண் திறந்து எதிலோ முட்டி நின்றது. அது அவருடைய கால்.

"உள்...ள வராதே" என்று குரல் வந்தது.

உயிரோடு இருந்த அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவர் காலை மடக்கித் தள்ளிவிட்டு நுழைந்தாள். பெரியவர் சுவரில் சாய்ந்து ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் கரி. எதிரே குழாய் திறந்தபடி, பிளாஸ்டிக் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வாளியின் அடியில் தலையணை மாதிரி உப்பிக் கருகிய ஒரு பொருள் இன்னமும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

இஸ்திரிக்காரர் தோளைப் பிடிக்க, அவள் காலைப் பிடிக்க, தூக்கி வெளியே மாடிப்படிக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர் இருமினார். இருமலுக்கு இருமல் நடுவில் காற்றை விழுங்கினார்.

"ஏன் மாமா உள்ள போய் உட்கார்ந்தீங்க? கதவைத் திறந்துட்டு வெளிய ஓடி வர வேண்டியதுதானே?"

"ஓட எங்க... கால் இருக்கு?" என்றார். மூச்சு வாங்கினார். "கீழ துணி... தையல் கடை. பத்தினா மூணு வீடும் போகும். லோடு தீப்பிடிச்சா... ஊருக்குள்ள நிறுத்த மாட்டோம். வெளிய ஓட்டிட்டுப் போயிடுவோம்."

தையல்கார அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெருக் கோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் மூக்குக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா கறாரான ஆள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "புகை ரொம்ப உள்ள போகலை. பிழைச்சார்" என்றார். மருமகள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா பெரியவரின் வலது கையைத் திருப்பினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டு விரலின் தோல் உரிந்து தொங்கியது. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தக் கையாலயா எடுத்தீங்க?"

"ஆமா." பெரியவரின் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை வந்தது. "இடது கையால சுவரைப் பிடிச்சுக்கணுமே. இதாலதான் தூக்கினேன். நல்லா பிடிச்சுது டாக்டர். மேஜையில இருந்து பாத்ரூம் வரைக்கும் விடவே இல்ல."

எட்டு மாதமாக ஒரு டம்ளரைப் பிடிக்காத கை. மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வலி எப்படி இருக்கு?"

"வலியா? இல்லையே."

"தூக்கும்போது சுட்டுச்சா?"

"இல்ல."

டாக்டரம்மா மேஜையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, கொப்புளமில்லாத மணிக்கட்டில் குத்தினார். பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மேலே, முழங்கைக்குப் பக்கத்தில் குத்தினார். தோளில் குத்தினார்.

"எங்க குத்தறேன் சொல்லுங்க."

"குத்துங்க, சொல்றேன்" என்றார் பெரியவர்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார்.

"ஏம்மா, பக்கவாதத்துக்கு அப்புறம் இவருக்குக் கையில உணர்ச்சி இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டர். அசைக்கத்தான் முடியாது. போன வாரம் ஒயர் பத்த வைக்கும்போது சூட்டுக்கோல் லேசா பட்டுது. 'ஆ'ன்னு கத்தி உதறினார்."

"போன வாரம்." டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "இது புதுசு. இன்னைக்கு வந்திருக்கலாம். உடனே தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்."

அந்த நேரத்தில்தான் சின்ன டிரைவர் வந்தான். டிப்போவுக்கு யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். சீருடை முழுக்க வேர்வை. வாசலிலேயே நின்றுவிட்டான். அப்பாவின் கையைப் பார்த்தான். பார்த்த இடத்திலிருந்து கண் நகரவில்லை.

"கவனம் வேண்டாமா? யார் அதை சார்ஜ்ல போட்டுட்டுப் போனது?" என்றார் டாக்டரம்மா, பொதுவாக.

"நான்தான் டாக்டர்" என்றாள் மருமகள். "காலையில பிடுங்க மறந்துட்டேன்." கணவனை அவள் பார்க்கவில்லை. இந்த வேலையெல்லாம் வீட்டுக்குள் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவன் அவன். இனி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"இல்ல" என்றார் பெரியவர், ஆக்சிஜன் குழாயைத் தள்ளிவிட்டு. "அவ பிடுங்கிட்டுத்தான் போனா. நா...ன்தான் மறுபடி சொருகினேன்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். சுவரில் அந்தப் பிளக் இருப்பது மேஜைக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே. குனிந்தால் எழ முடியாத மனுஷன் எப்படிச் சொருகினார்?

கேட்பதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. மேலே எரிந்த சிவப்பு விளக்கு அணையும்வரை உள்ளே போகக் கூடாது. அவள் ஒரு முனையில் உட்கார்ந்தாள். அவன் இன்னொரு முனையில். ஒரு நர்ஸ் மருந்துத் தள்ளுவண்டியோடு இருவருக்கும் நடுவில் போனாள், திரும்பி வந்தாள்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க" என்றாள் அவள். "இப்படி உட்கார்ந்திருக்காதீங்க. பயமா இருக்கு."

அவன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அவர் சொருகலை" என்றான்.

"தெரியும். எனக்காகச் சொல்றார்."

"உனக்காக இல்ல. எனக்காக."

அவளுக்குப் புரியவில்லை.

"நீ கிளம்பிப் போனப்புறம் நான் ஷூ மாட்டிட்டு இருந்தேன். பின்னால இருந்து 'டேய்'னு கூப்பிட்டார்." தொப்பி நின்றது. "எட்டு மாசம். எட்டு மாசத்துல முதல் தடவை. நான் திரும்பக்கூட இல்ல, வேற யாரையோன்னு நினைச்சேன். 'டேய், அந்தப் பிளக்கைக் கொஞ்சம் சொருகிட்டுப் போடா. சாயங்காலம் நீயும் சீக்கிரம் வந்துடு, மாடியில ஓட்டிக் காட்டறேன்'னார்."

அவள் கை தானாக வாய்க்குப் போனது.

"என்ன ஏதுன்னு யோசிக்கவே இல்ல. மேஜைக்கு அடியில படுத்து சொருகினேன். சிவப்பு லைட் எரிஞ்சுது. 'எரியுதாடா?'ன்னார். 'எரியுதுப்பா'ன்னேன். அவ்வளவுதான் பேசினோம்." தொப்பியைப் பெஞ்சில் வைத்தான். "சந்தோஷத்துல இன்னைக்கு ஒரு ஸ்டாப்பைக்கூட தாண்டி நிறுத்திட்டேன். பின்னால இருந்து ஜனங்க கத்தறாங்க, நான் சிரிச்சிட்டு இருக்கேன்."

அவள் பெஞ்சில் நகர்ந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் கேட்டப்ப வாயைத் திறந்திருக்கணும்" என்றான். "அவர் முந்திட்டார்."

"அவர் வெளிய வரட்டும். அவர்கிட்டயே சொல்லுங்க."

"வந்தா பேசுவாரா?"

"பேசுவார். இன்னைக்கு ஆரம்பிச்சுட்டார்ல."

"முடியுமான்னு கேட்கறேன்" என்றான் அவன்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். இதுவரை கேட்காத ஒரு மெதுவான குரல் இப்போது அவரிடம் இருந்தது. கையில் இருந்த படத்தை அவர்கள் பார்க்காதபடி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க" என்றார். "தலையில புதுசா ஓர் அடைப்பு தெரியுது. உட்கார்ந்து பேசலாம்."

மருமகள் எழுந்துவிட்டாள். சின்ன டிரைவர் தொப்பியை எடுத்து, மறுபடி பெஞ்சிலேயே வைத்தான். அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான், எழவில்லை. உள்ளே, பாதி திறந்த கதவுக்கு அப்பால், கட்டிலில் படுத்திருந்த பெரியவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. குழறலில் பெயர் தெரியவில்லை.